நாற்றம் தின்ற மண்

மாப்ள,

நேற்று காலை எங்கள் தெருச் சாக்கடை மறுபடியும் அடைத்துக்கொண்டது. செல்லூருக்கு இது புதுசா என்ன? லாரியோடு ஆட்கள் வந்து இரும்பு மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார்கள். குடலைப் பிடுங்குகிற நாற்றம். எதிர்வீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னல்களைப் படார் படார் என்று சாத்தினாள். என் மருமகள் ஊதுபத்தியைக் கட்டோடு கொளுத்தினாள். நான் மட்டும் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டிருந்தேன். நாறட்டும், நன்றாக நாறட்டும். நாறுகிற வரைக்கும் எனக்குப் பயமில்லை.

பயம் வந்தது கொஞ்ச நேரம் கழித்துத்தான். திடீரென்று வாடை தெரியவில்லை. மூக்கு பழகியிருக்கும், இல்லை காற்று திசை மாறியிருக்கும். மற்றவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்கு அப்படியில்லை. குழிக்குள் ஒருத்தன் மார்பளவுக்கு இறங்கியிருந்தான். செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து ஓடினேன்.

அவனுக்கு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னோடு போட வேண்டிய சண்டை ஒன்று பாக்கி இருக்கிறது. நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். நான்தான் இத்தனை வருஷமாக எதிரில் ஆளில்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் நீ என் தகரப் பட்டறைக்கு வந்தாய். வந்தாய் என்றா சொல்வது? தெருவிலேயே நின்றாய். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்தவன், பக்கத்துத் தறிக்கூடத்தின் சத்தத்துக்கு மேலே குரல் உயர்த்தி, "மாப்ள, வெளிய வா, ஒரு சங்கதி பேசணும்" என்றாய். "என்னடா புது மாப்பிள்ளை கணக்கா வெளிய நிக்கிற, உள்ள வா" என்றேன். நீ தலையை ஆட்டினாய். "வேணாம்டா. உன் கடைக்கு வந்த ஆளு எந்திரிச்சுப் போயிரும்."

நான் வெளியே வந்தேன். உண்மைதான், உன்மேல் வாடை அடித்தது. குளித்து, பவுடர் போட்டு, வெளுத்த சட்டை உடுத்தி வந்திருந்தாய். அதையும் மீறி உன் மயிர்க்காலில் இருந்து வந்தது. அழுகின முட்டையும் நனைந்த தோலும் கலந்த ஒரு வீச்சம். மேலூர் ரோட்டில் இருந்து பிரிகிற மண்பாதையில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த வஜ்ஜிர மில்லில் நீ சூப்பர்வைசர். தோல் பதனிடுகிற ஷாப்புகளில் வெட்டிக் கழித்த துண்டுகள் லாரி லாரியாக அங்கே வரும். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போட்டு, பிறகு தொட்டியில் ஆசிட் விட்டுக் கழுவி, கொப்பரையில் காய்ச்சினால் பிசின் இறங்கும். அதை வில்லை வில்லையாகக் காய வைத்து விற்பார்கள். நாற்காலியை ஒட்டுகிற ஆசாரிக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். உன் மில்லுக்கு அவர்கள் வைத்த பெயர் நாத்த மில்.

அன்றைக்கு நீ சொன்னதில் ஒன்றை மட்டும் என்னால் இன்றுவரை முழுங்க முடியவில்லை. "எம்மகளப் பள்ளிக்கொடத்துல ஒத்தைல உக்கார வச்சுட்டாய்ங்கடா. ஒரு பிள்ளையும் பக்கத்துல உக்கார மாட்டேங்குதாம். நேத்து என்னா சொல்லுது தெரியுமா? 'அப்பா, நீங்க என்னயக் கூட்டிட்டுப் போக வராதீங்கப்பா'ங்குது." சொல்லிவிட்டுச் சிரித்தாய். நீ சிரித்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அதோடு நின்றதா? மில் இருந்த ஊரில் முந்தின வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி எடுத்து வந்தபோது, மில் வாசலில் வாடை தாங்காமல் ஒரு பெண் வாந்தியெடுத்து, தலையில் இருந்த பாரி விழுந்து உடைந்துவிட்டது. முளைப்பாரி உடைந்தால் ஊருக்கு ஆகாது என்பார்கள். அந்த வருஷம் மழையும் பொய்த்தது. பழி முழுக்க மில்லின் தலையில். மில்லை ஒட்டித் தோட்டம் வைத்திருந்த ராக்காயி அக்கா மில் கேட்டுக்கே வந்து உன்னிடம் சொல்லியிருந்தாள்: "தம்பி, வர்ற பங்குனிக்கும் இதே நாத்தம் அடிச்சுச்சு, கேட்டைப் பூட்டிச் சாவியக் கெணத்துல எறிஞ்சுருவோம். ஆமா, சொல்லிப்புட்டேன்." உன் முதலாளியோ, நாற்றத்தை நிறுத்து, இல்லையென்றால் மில்லையே நிறுத்துகிறேன் என்று முடித்துக்கொண்டார். அத்தனை குடும்பத்துச் சோறும், உன் மகளின் பெஞ்சும், எல்லாம் சேர்த்து உன் கழுத்தில் கட்டிவிட்டார்கள்.

"எனக்கு ஒரு பெரிய புளோயர் வேணும் மாப்ள. ஆசிட் ஷெட்டுக் காத்தை அப்படியே உறிஞ்சி மண்ணுக்குள்ள ஊதணும்" என்றாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். வெயிலில் வந்ததால் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

யாரோ ஒரு காலேஜ் வாத்தியார் காட்டிய வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்திருந்தாய். மக்கின குப்பையைப் பாத்தி மாதிரி பரப்பி, அடியில் ஓட்டைக் குழாய் பதித்து, நாற்றக் காற்றை அதற்குள் விட்டால், மேலே வரும்போது காற்றில் வாடை இருக்காதாம். "மக்குக் குப்பைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுரு கோடிக்கணக்குல கெடக்குடா. நமக்கு நாத்தம், அதுகளுக்குச் சோறு. தின்னுட்டு ஏப்பம்கூட விடாது." நான் கேலி செய்யாத கேலியில்லை. உன் மண்ணுக்கு மூக்கு இருக்கா, வாய் எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டேன். ஆனாலும் புளோயர் செய்து கொடுத்தேன். தறிக்கூடங்களுக்கு எத்தனையோ செய்திருக்கிறேன், அந்த அளவுக்கு ஒன்றை அதற்கு முன் செய்ததில்லை.

பாத்திக்குக் குழி வெட்ட வந்த ஆள் கயிற்றைப் பிடித்து அளந்துவிட்டு, "யாருக்குய்யா இம்புட்டுப் பெருசு?" என்று கேட்டானே, நினைவிருக்கிறதா? எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். இப்போது நான் எங்கேயாவது படுத்துக் கிடக்கும்போது அந்தக் கேள்வி வந்து காதில் நிற்கிறது.

அடியில் ஓட்டைக் குழாய்கள், அதன்மேல் ஜல்லி, ஜல்லிமேல் தேங்காய் மட்டை, அதற்கும் மேல் மக்கு. மக்குக் கட்டிதட்டிப் போகாமல் இருக்க உமியைக் கலந்தாய். அந்த மக்கை யார் கொடுத்தது? சாவியைக் கிணற்றில் எறிவேன் என்ற அதே ராக்காயி அக்காதான். நீ போய்க் கேட்டபோது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று, "எங்குப்பைய வச்சு உன் நாத்தத்தத் தொடைக்கப் போறியாக்கும்?" என்றாளாம். பிறகு, "எடுத்துக்க. சாமி போற பாதை சுத்தமானாச் சரி" என்று எருக்குழியையே திறந்துவிட்டாள். பாதிநாள் அவளே கூடை சுமந்து வந்து கொட்டினாள்.

எப்படிப் பக்குவம் பார்ப்பது என்று நீ எங்கள் இரண்டு பேருக்கும் காட்டினாய். ஒரு கைப்பிடி மக்கை எடுத்து இறுக்கிப் பிடித்தாய். "கையைத் தொறந்தா உருண்டை நிக்கணும். தண்ணி சொட்டப்படாது. சொட்டுச்சுன்னா உள்ள இருக்க உசுருக்கு மூச்சு முட்டும்." இதைச் சொன்னவன் நீ. வேறு யாருமில்லை. சண்டையில் இதைத்தான் நான் முதலில் எடுத்துப் போடுவேன்.

புளோயரை ஓட்டிய முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் உன்னைப் பார்க்கவே பயந்தேன். அப்புறம் மெல்ல மெல்லக் குறைந்து, ஒருநாள் காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கி மண்பாதையில் நடந்து வந்தால் மில் இருக்கிற இடமே தெரியவில்லை. பாத்தியின் மேலே குனிந்து முகர்ந்தேன். மழை பெய்து வெறித்த தோட்டத்து வாசம். ஆசிட் ஷெட்டுக்குள் போனால் கண் எரிகிறது, நாலு எட்டு தள்ளி வெளியே தோட்டத்து மண் மணக்கிறது. "என்னடா பில்லி சூனியம் வச்சியா?" என்றேன். நீ என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாய். கிறுக்குப்பயல்.

அந்த மாதமே நீ பட்டறைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தாய். ஷெட்டு வேலையை ஆட்களிடம் விட்டு, நீ பாத்தியோடுதான் குடியிருந்தாய். உன் மகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து சைக்கிளில் கூட்டி வந்தாய். முன் கம்பியில் உட்கார்ந்து மணியடித்துக்கொண்டே அவள் போனதை நான் பார்த்தேன். அந்த ஒரு காட்சிக்காக உன்னை எத்தனையோ மன்னிக்கலாம் என்று தோன்றும். பிறகு மன்னிக்க முடியாமல் போகும்.

எனக்கு ஆரம்பத்தில் இருந்தே அந்தப் பாத்தி பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தோலுக்காக மில்லைச் சுற்றியே கிடந்த நாய்கள் வாடை நின்றதும் எங்கேயோ போய்விட்டன. கூரையில் வரிசையாக உட்கார்ந்திருந்த காக்கைகளையும் காணவில்லை. நல்லதுதானே என்றாய். பனி விழுகிற காலையில் பாத்திக்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று இருந்தது. உயிருள்ள ஒன்றின் வயிற்றுக்குள் கை விட்ட மாதிரி. நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். நீ அதன்மேல் தடவிக் கொடுத்தாய்.

அப்புறம் அந்த வெள்ளி அரைஞாண். உன் மனைவி ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "அண்ணே, இவுக அரைஞாணத் திருநீறு போட்டுத் தேச்சுத் தேச்சு எங்கை ஓஞ்சுபோச்சு. கருத்துக் கருத்துப் போகுது." வாடை நின்ற புதிதில் அது வெள்ளையாகவே இருந்தது. மாசி கழிந்து வெயில் ஏறியதும் மறுபடி கறுக்கத் தொடங்கியது. வெளியே யாருக்கும் வாடையில்லை. ஷெட்டுக்குள் போய்வந்த உன் இடுப்பில் மட்டும் வெள்ளி கறுத்துக்கொண்டே வந்தது. "வேர்வைடா" என்றாய். நானும் வேர்வை என்றே எடுத்துக்கொண்டேன்.

உண்மையில் அதற்குக் காரணம் சன்னல்களை அடைத்தது. ஆசிட் ஷெட்டுக்கு இரண்டு பக்கமும் சன்னல். காற்று வேகமாக வீசுகிற நாளில் கொஞ்சம் வாடை அதன் வழியாகத் தப்பிவிடுகிறது என்று உனக்குத் தூக்கமில்லை. எல்லாவற்றையும் தகரம் வைத்து அடிக்கச் சொன்னாய். நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சண்டை போட்டேன். "ஷெட்டுக்கு மூச்சு விட ஒரு வழி வேணும்டா, அறிவுகெட்டவனே." நீ சொன்னாய்: "வழிதான் உன் புளோயர் இருக்கே. போற காத்து அம்புட்டும் பாத்தி வழியாத்தான் போகணும். ஒரு பொட்டு வெளிய போகப்படாது." பங்குனிப் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. உன் கண்ணுக்கு அந்த மண்பாதையும் அதில் வரப்போகிற முளைப்பாரியும் தவிர வேறெதுவும் தெரியவில்லை. சரி தொலை என்று அடித்துக் கொடுத்தேன்.

வெயில் தன் வேலையைக் காட்டியது. பாத்தி காய்ந்து வெடித்தது. வெடிப்பு வழியாக நாற்றக் காற்று அப்படியே மேலே வந்தது. மண்ணுக்குத் தின்ன நேரமில்லை. ஊருக்குள் முளைப்பாரிக்கு விதை போட்டு, இருட்டு வீட்டில் மூடி வைத்துப் பெண்கள் கும்மி கொட்டிக்கொண்டிருந்த நேரம் அது. ராக்காயி அக்கா மூக்கைச் சுளித்துக்கொண்டு உன்னிடம் வந்தாள். இந்தமுறை மிரட்ட வரவில்லை, பாவம், உனக்காகக் கவலைப்பட்டு வந்தாள். "தம்பி, தாகத்துல கெடக்கு உன் குழி. நாங்க மொளைப்பாரிக்குத் தண்ணி காட்டுறமே, அது மாதிரி காலைல சாயந்தரம் காட்டு. குளுந்துபோகும்."

முளைப்பாரிக்கு நீர் தெளித்தால் பயிர் ஒரே சீராக எழும்பும். அவள் அறிந்தது அது. நீ பம்ப்செட்டில் இருந்து குழாயை இழுத்துப் பாத்தியில் போட்டாய். தண்ணீர் விட விட வாடை குறைந்தது. குறைகிறதே என்று இன்னும் விட்டாய். இன்னும் குறைந்தது. அது மண் தின்றதால் இல்லையடா, பாவி. மக்கு சேறாகிக் காற்று மேலே வர வழி இல்லாமல் போனதால். உன் கைப்பிடி உருண்டை எங்கே போயிற்று? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒரு கை அள்ளிப் பிழிந்து பார்த்திருக்கக் கூடாதா? வாடை இல்லையென்றால் எல்லாம் சரி என்று நாம் எல்லோருமே நம்பினோம். ஊரும் அதைத்தான் கேட்டது, முதலாளியும் அதைத்தான் கேட்டார். நம்மிடம் இருந்த ஒரே மீட்டர் மூக்கு.

பொங்கலன்று நான் மத்தியான பஸ்ஸில் வந்தேன். நீ கேட்டிலேயே காத்து நின்றாய். புதுவேட்டி, புதுத் துண்டு. ஆட்கள் எல்லோரையும் சாமி கும்பிட அனுப்பிவிட்டு, நீ மட்டும் இருந்தாய். கோயிலில் கட்டிய குழாய் ரேடியோவில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. "மூக்கை நல்லாத் தொறந்து வச்சுச் சொல்லு மாப்ள. ஏதாச்சும் வருதா?" முகர்ந்தேன். பொங்கல் புகை, பூமாலையில் இருந்த மல்லிகை, வெயில் பட்ட மண். வேறொன்றுமில்லை. "ஒண்ணுமில்லடா" என்றேன். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

முளைப்பாரி வந்தது. பெண்கள் வரிசையாகத் தலையில் பச்சைப் பயிரோடு மண்பாதையில் திரும்பினார்கள். முன்னால் ராக்காயி அக்கா. மில் கேட்டுக்கு நேராக வந்ததும் அவள் நடையைத் தளர்த்தி, வேண்டுமென்றே மூக்கை உறிஞ்சிக் காட்டினாள். பிறகு உன்னைப் பார்த்துச் சிரித்து, "தம்பி, செயிச்சுட்டப்பா" என்றாள். குலவை கிளம்பியது. நீ கையெடுத்துக் கும்பிட்டாய். உன் கண் நிறைந்திருந்தது. இதையெல்லாம் நான் பொய்யாகச் சேர்க்கவில்லை.

"செத்த இரு மாப்ள, வாரேன்" என்றாய். "காலைல தொட்டில ஆசிட் விட்டது. தோலு கெடக்கு. வடிச்சு விடலேன்னா கரைஞ்சு பாழாப்போயிரும்." முற்றத்தைக் கடந்து போய் ஷெட்டுக் கதவைத் திறந்தாய். திறந்த நொடியில் அழுகின முட்டை வாடை ஒரு வீச்சு வந்து என் முகத்தில் அடித்தது. அடுத்த மூச்சில் அது இல்லை. நீ உள்ளே இரண்டு எட்டு வைத்து, திரும்பி என்னைப் பார்த்து, அந்த ரேடியோ சத்தத்துக்கு மேலே கத்தினாய். "மாப்ள! உள்ளகூட வாடை இல்லடா! சுத்தமா இல்ல! வந்து பாரு!"

வந்து பாரு என்று கூப்பிட்டாய். நான் வந்திருப்பேன். ஒரு கால் எடுத்தும் வைத்துவிட்டேன். ரேடியோவில் பாட்டு மாற்ற ஒரு நொடி நிறுத்தினார்கள். அந்த நொடியில் எனக்கு என் புளோயரின் குரல் கேட்டது. அது என் கையால் செய்த சாமான், அதன் சத்தம் எனக்குத் தெரியும். காற்றை இழுக்கிற ஃபேன் கனத்த குரலில் உறுமும். காற்று போக வழியில்லையென்றால் சுமை இல்லாமல் மோட்டார் இலேசாகி, மெலிந்த குரலில் கீச்சிடும். அன்று கீச்சிட்டது. நான் ஷெட்டுக்கு வராமல் பாத்திப் பக்கம் திரும்பினேன். உன்னைச் சந்தேகப்பட்டு இல்லை, என் சாமானுக்கு என்ன கேடு என்று பார்க்கத்தான்.

பாத்தியின் மேல் தண்ணீர் நின்றது. குளம் மாதிரி, அலையில்லாமல். ஒரு குமிழிகூட மேலே வரவில்லை. ஷெட்டில் இருந்து காற்று வரவே இல்லை என்று எனக்கு விளங்கியது. வராத காற்றெல்லாம் எங்கே இருக்கிறது என்பது விளங்கியபோது நான் ஓடிக்கொண்டிருந்தேன். உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். திறந்த கதவு வழியாகத் தொட்டி ஓரத்தில் உன் புதுவேட்டி தெரிந்தது. நீ குப்புறக் கிடந்தாய்.

உள்ளே பாய்ந்திருப்பேன். பின்னால் இருந்து என் சட்டைக் காலரையும் இடுப்பு வேட்டியையும் சேர்த்து யாரோ பிடித்து இழுத்தார்கள். ராக்காயி அக்கா. என் கத்தலைக் கேட்டு, தலையில் இருந்த முளைப்பாரியை நடுப்பாதையில் இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள். ஊருணி சேருகிற வரை தரையில் வைக்கக் கூடாத பாரியை. "உள்ள போகாதய்யா! வெசக்காத்துய்யா! கெணத்துல எறங்குனவனத் தூக்கப் போயி எறங்குனவனும் செத்த ஊருய்யா இது!" நான் அவளைத் தள்ளினேன், வாய்க்கு வந்தபடி ஏசினேன், கையைக்கூடக் கடித்தேன் என்று பிறகு சொன்னாள். அவள் விடவில்லை. "தகரத்த ஒடைங்கடா!" என்று ஊர் ஆட்களைப் பார்த்து அலறினாள்.

நான் அடித்த தகரங்களை அவர்கள் கடப்பாரையால் ஒவ்வொன்றாகப் பெயர்த்தார்கள். நன்றாகத்தான் அடித்திருந்தேன், சீக்கிரம் வரவில்லை. நாற்றம் வெளியே கொட்டியது. பாதையில் நின்ற பெண்கள் ஓடினார்கள். மூக்கைக் கட்டிக்கொண்டு கயிறு போட்டு உன்னை இழுத்து வெளியே போட்டபோது உன் முகத்தில் ஒரு வேதனையும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நல்ல செய்தி சொல்லிவிட்டுப் படுத்தவன் மாதிரி கிடந்தாய்.

பிறகு ஆஸ்பத்திரி டாக்டர்தான் சொன்னார். அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் முதலில் மூக்கைத்தான் கொல்லும். நாற்றம் நின்றுவிட்டது என்று மனுஷன் நினைக்கிற நேரத்தில் அது அவனுக்குள் நிறைந்திருக்கும். இதைச் சொல்ல நமக்கு அதற்கு முன்னால் ஒரு ஆளும் இல்லை. உன் பத்திரிகையில் அந்தப் பக்கம் இருந்ததோ, நீதான் பார்க்காமல் தாண்டினாயோ, தெரியாது.

உன்னைக் குளிப்பாட்டும்போது அரைஞாண் கரிக்கட்டையாக இருந்தது. உன் மனைவி அதைக் கழற்ற விடவில்லை. அழுதுகொண்டே திருநீறு எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். யாராலும் நிறுத்த முடியவில்லை. உன் மகள் வந்து, கழற்றி வைத்த உன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதற்குமுன் அவள் அப்படிச் செய்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மூச்சை இழுத்து இழுத்து முகர்ந்தாள். நான் வெளியே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டேன்.

மில் மூடப்பட்டது. ராக்காயி அக்கா அதற்கப்புறம் முளைப்பாரி எடுக்கவே இல்லை. நடுப்பாதையில் இறக்கி வைத்த அந்தப் பாரியைத் தொட எல்லோரும் பயந்தார்கள். அது வெயிலிலேயே வாடிப் போயிற்று. ஊருக்கு ஏதாவது ஆகும் என்று சிலர் அவளைப் பேசினார்கள். "ஆனது ஆயிருச்சு, இனி என்ன ஆகப்போகுது?" என்றாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கேட்பது ஒன்றுதான்: "நாந்தேன தண்ணி காட்டச் சொன்னேன்?" நான் இல்லை என்பேன். தகரம் அடித்தது நான் என்பேன். அடிக்கச் சொன்னது அவன் என்பேன். எப்படிச் சுற்றினாலும் உன்னிடம்தான் வந்து நிற்கும். நீ சண்டைக்கு வருவதில்லை.

ஆனால் ஒன்று. நீ கண்ட காரியம் தப்பில்லை. மண் நாற்றத்தைத் தின்னும். நானே கண்ணாலும் மூக்காலும் கண்டேன். இப்போது பெரிய பெரிய இடங்களில் அப்படிப் பாத்தி போட்டிருக்கிறார்களாம். காற்று எவ்வளவு போகிறது, உள்ளே எவ்வளவு விஷம், எல்லாவற்றுக்கும் மீட்டர், மணியடிக்கிற பெட்டி. என் மகன் சொன்னான். உன் பெயர் அங்கே யாருக்கும் தெரிய நியாயமில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, அந்தப் பெருமையோடு வயிறும் எரிந்தது.

நேற்றைய கதைக்கு வருகிறேன். ஓடினேன் என்றேனே. குழி ஓரத்தில் மண்டியிட்டுக் கத்தினேன். "வாடை வருதா? ஏய்யா, உனக்கு வாடை வருதா?" மேலே நின்றவன் என்னைப் பிடித்து விலக்கப் பார்த்தான். "பெருசு, தள்ளு, விழுந்து வைக்கப்போற." நான் நகரவில்லை. உள்ளே இருந்து சத்தமில்லை. எனக்கு உன் புதுவேட்டி தெரிந்தது. "முதல்ல அவனை மேல தூக்குங்கடா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினேன்.

குழிக்குள் இருந்தவன் மெல்ல நிமிர்ந்தான். முகமெல்லாம் சேறு. என்னை எரிச்சலோடு பார்த்தான். "சாக்கடை நாறாம மல்லியப்பூவா மணக்கும்? கொமட்டிக்கிட்டு வருது, இதுல இந்தாளு வேற" என்று சொல்லி, ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துத் திட்டினான்.

அப்படியே நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன் மாப்ள. அவன் ஏறி வெளியே வருகிற வரைக்கும் அவன் கையை விடவில்லை. கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் போகிற இடமெல்லாம் இந்த ஒரு கேள்வியைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேன். கிணறு தூர்வாருகிறவனிடம் கேட்கிறேன். தொட்டி கழுவுகிறவனிடம் கேட்கிறேன். நாறுகிறது என்று யாராவது முகத்தைச் சுளித்தால் எனக்கு உயிர் வருகிறது.

அன்றைக்கு நீயும் அந்தக் கதவில் நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு, என் தாய் தகப்பனையெல்லாம் இழுத்து, நாறுதுடா என்று ஒரு வசவு திட்டியிருக்கலாம்.